ரமலான் கூட்டங்களும் நம் பெண்களின் அபாயாவும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



ரமலான் பிறை வானத்தில் தென்படுவதற்கு முன்பே நம் ஜவுளிக் கடைகளில் தென்பட்டுவிடுகிறது. ஷஃபான் பிறந்ததும் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையிலும், சிங்கப்பூர் அரபு வீதியிலும், கேலாங் சிராயிலும் அபாயாக்கள் வரிசை வரிசையாகத் தொங்குகின்றன. இஃப்தாருக்கு ஒன்று, தராவீஹுக்கு ஒன்று, பெருநாளுக்கு ஒன்று என்று பெண்மக்கள் கேட்கிறார்கள். கடைக்காரர்களாகிய நாமும் அப்படிக் கேட்கும்படியாகவே அவற்றை மாட்டி வைக்கிறோம்.

பெண்கள் உடுத்தும் உடையைப் பற்றி வியாபாரிகள் படிக்கும் ஏட்டில் என்ன உபதேசம் என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் சற்று எண்ணிப்பாருங்கள். அந்த அபாயாவைக் கொள்முதல் செய்து கொண்டுவருபவர் யார்? நாம். அதற்கு விலை போடுபவர் யார்? நாம். பல வீடுகளில் அதற்குப் பணம் எண்ணிக் கொடுப்பவரும் நாமே. சொந்தமாகச் சம்பாதித்துத் தம் பணத்தில் வாங்கும் பெண்கள் இன்று பலர் உண்டு. அவர்களும் வந்து ஏறுவது நம் கடைப் படியில்தான். ஆகவே இந்த உடையைப் பற்றி நாளை மறுமையில் கேள்வி வருமானால், அது உடுத்தியவளோடு முடிந்துபோகும் என்று நாம் ஒதுங்கி நிற்க இயலாது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளிவைப்போம். அழகான உடை என்றாலே முகம் சுளிக்கின்ற பெரியவர்கள் சிலர் இருக்கிறார்கள். மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. ஆதமுடைய மக்களுக்கு வெட்கத்தலங்களை மறைக்கவும் அலங்காரமாக விளங்கவும் ஆடையை இறக்கியருளியதாகவும், இறையச்சம் என்னும் ஆடையே அவற்றில் சிறந்ததென்றும் அல்லாஹுத்தஆலா அல் அஃராஃப் அத்தியாயத்தின் 26-ஆவது வசனத்தில் கூறுகிறான். மறைப்பதை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. அலங்காரத்தையும் சேர்த்தே கூறுகிறான். அதே அத்தியாயத்தில் 31-ஆவது வசனம் தொழுமிடம் ஒவ்வொன்றிலும் நம் அலங்காரத்தை மேற்கொள்ளும்படி ஏவிவிட்டு, உண்பதிலும் பருகுவதிலும் வீண்விரயம் கூடாதென்று எச்சரிக்கிறது. அலங்காரத்திற்கு அனுமதியும் விரயத்திற்குத் தடையும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து நிற்பதைக் கவனியுங்கள்.

பெருமை அணுவளவு உள்ளத்தில் இருந்தாலும் சுவர்க்கம் இல்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னபோது, ஒரு மனிதர் எழுந்து, தம் உடையும் காலணியும் அழகாக இருக்கவேண்டுமென்று ஒருவர் விரும்பினால் அது பெருமையாகுமா என்று வினவினார். அதற்கு நாயகம் அவர்கள், அல்லாஹ் அழகன், அழகை விரும்புகிறவன் என்றும், பெருமை என்பது உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாக எண்ணுவதுமே என்றும் விளக்கமளித்தார்கள். இப்னு மஸ்ஊது (ரலி) அவர்கள் அறிவித்த இந்த ஹதீது முஸ்லிம் கிரந்தத்தில் உள்ளது. துணியின் மினுமினுப்பில் பெருமை குடியிருக்கவில்லை, அடுத்தவரைப் பார்க்கும் பார்வையில் குடியிருக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு வருவோம்.

நம் தாய்மார்களும் பாட்டிமார்களும் அபாயா உடுத்தியவர்கள் அல்லர். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் பக்கத்துப் பெண்கள் சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வெளியே சென்றார்கள். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு வந்தவர்களில் பலர் தறிக்காரர் மரபினர். துணியின் இழையைத் தொட்டே தரம் சொல்லக்கூடியவர்கள். இங்கே வந்தபின் மலாய்ச் சகோதரிகளின் பாஜு கூரோங்கும் நம் வீடுகளுக்குள் வந்தது. வளைகுடா நாடுகளோடு தொழிலும் போக்குவரத்தும் பெருகிய பின்னர், கடந்த சில பத்தாண்டுகளில்தான் அபாயா இந்த அளவுக்குப் பரவியது. அரபு நாட்டிலிருந்து வந்தது என்பதற்காக அதற்குத் தனியாக ஒரு நன்மை எழுதப்படுவதில்லை. முகமும் மணிக்கட்டுக்குக் கீழுள்ள கைகளும் தவிர மற்றவை மறைந்து, தோலின் நிறம் வெளியே தெரியாமல், உடலோடு ஒட்டாமல் இருக்குமானால் துப்பட்டியும் சரி, கூரோங்கும் சரி, அபாயாவும் சரி. வசதிக்காக அபாயாவை விரும்புகிறார்கள் என்றால் தாராளமாக உடுத்தட்டும். சேலையில் முக்காடிட்டு வரும் மூத்த பெண்மணி ஒருத்தியை அபாயா உடுத்திய இளம்பெண் மார்க்கம் குறைந்தவளாகப் பார்த்தால், மேலே சொன்ன ஹதீதின் இரண்டாம் பகுதி அவளை நோக்கித்தான் வருகிறது.

இனி, எப்படிப்பட்ட அபாயாவைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பார்ப்போம். இதில் நான் சொல்லப்போவது பெரும்பாலும் நீங்கள் அறிந்த சரக்கு விவரம்தான். ஆனால் விற்கும்போது அறிந்திருப்பது வேறு, வீட்டுக்கு வாங்கும்போது நினைவில் வைத்திருப்பது வேறு.

நம்முடைய நாட்டுச் சீதோஷ்ணம் அரபு நாட்டுச் சீதோஷ்ணம் அன்று. அங்கே வறண்ட வெப்பம். வியர்வை உடனே உலர்ந்துவிடும். இங்கே பகலில் 31, 32 டிகிரி வெப்பத்தோடு காற்றில் ஈரமும் மிகுந்திருக்கிறது. வியர்வை உலர்வதே இல்லை. சந்தையில் நிதா என்று வழங்கும் துணி பெரும்பாலும் பாலியஸ்டர் இழை. மடிப்புக் கலையாது, கறுப்பு நிறம் வெளுக்காது, விழும் அழகும் நன்றாக இருக்கும். மெல்லிய உயர்தர நெசவானால் காற்றும் ஓரளவு புகும். ஆனால் வியர்வையை அது உறிஞ்சாது. ஆகையால் உள்ளே பருத்தி உடுத்திக்கொண்டால்தான் இருபது ரக்அத்தும் வித்ரும் தொழுது முடிக்கும்வரை உடம்பு தாங்கும். ரேயான் வியர்வையை உறிஞ்சும், குளிர்ச்சியாக இருக்கும். முதல் சலவையில் சுருங்குவதால் இரண்டு விரற்கடை நீளமாகவே எடுக்கவேண்டும். லினன் உடம்புக்கு நல்லது, கசங்கும். ஷிபானும் ஜார்ஜெட்டும் பார்வைக்கு மிக நேர்த்தி. ஆனால் கீழே அடர்த்தியான உள்துணி இல்லாவிட்டால் மேலே போர்த்தியும் போர்த்தாததே. தோலின் நிறம் தெரியும் துணி தொழுகைக்கு மறைப்பாகாது என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபி இரண்டு மத்ஹபுக்கும் வேறுபாடில்லை.

கடையில் வெள்ளை விளக்கு முன்பக்கமிருந்து அடிக்கும்போது எந்தத் துணியும் அடர்த்தியாகத்தான் தெரியும். வாசலுக்குக் கொண்டுபோய், உள்ளே கையை விட்டு, வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரல்களை எண்ண முடிந்தால் அதற்கு உள்துணி வேண்டும். கறுப்புத் துணியானால் நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் ஓரத்தைத் தேய்த்துப் பார்க்கலாம். சாயம் ஒட்டினால் தராவீஹில் அருகில் நிற்கும் சகோதரியின் வெள்ளைத் தெலெகோங்கிலும் ஒட்டும்.

கைகளின் அமைப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். இப்போது வண்ணத்துப்பூச்சியின் சிறகுபோல விரிந்த கைகள் வைத்துத் தைக்கிறார்கள். உட்கார்ந்திருக்கும்போது மிக அழகு. தக்பீருக்குக் கைகளை உயர்த்திய மாத்திரத்தில் துணி முழங்கைக்கு இறங்கி, முன்கை முழுவதும் வெளியே தெரிகிறது. தொழுகையில் மறைந்திருக்கவேண்டிய பகுதி அது. உள்ளே மணிக்கட்டுவரை ஒட்டிய தனிக் கை வைத்துத் தைத்தால், அல்லது கைநுனியில் ஒரு பொத்தான் வைத்துவிட்டால் இந்தக் குறை தீர்ந்துவிடும். தையற்காரருக்கு அரைமணி நேர வேலை. மார்க்கத்தோடு அடுப்படியையும் எண்ணிப் பாருங்கள். நோன்புக் கஞ்சி கொதிக்கும் சட்டிக்கு மேலே அந்த அகன்ற கை தொங்குகிறது. பாலியஸ்டர் துணி தீப்பட்டால் சாம்பலாகி உதிராது. உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வடை பொரிக்கும் பெண்ணுக்குச் சிறகு வைத்த அபாயா வாங்கிக் கொடுப்பது பிரியத்தின் அடையாளம் அன்று.

நீளமும் அப்படியே. தரையைக் கூட்டிக்கொண்டு போகும் அளவு நீளமானால் அழுக்கும் ஈரமும் ஒட்டும். ரயில் நிலையத்து மின்படிக்கட்டில் சிக்கும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிவாசல் படியேறும் பெண் தடுக்கி விழுவாள். ஆனால் கணுக்காலுக்கு மேலே நிற்கும் அபாயாவும் ஷாஃபிஈ பெண்களுக்கு உதவாது. அவர்களுக்குத் தொழுகையில் பாதமும் மறைந்திருக்கவேண்டும். ஹனஃபி மத்ஹபில் பாதத்துக்குச் சலுகை உண்டு. நம்மவர்களில் இரண்டு மத்ஹபினரும் இருப்பதால், ஒரே அளவை எல்லாருக்கும் திணிக்காமல், வாங்குபவர் காலுறை அணிவாரா, தொழும்போது மேலே தெலெகோங் போட்டுக்கொள்வாரா என்று கேட்டு அளவு சொல்லும் கடைக்காரரே தொழில் தெரிந்தவர்.

கல்லும் முத்தும் பதித்த வேலைப்பாடு பற்றி ஒரு வார்த்தை. நெஞ்சிலும் கைநுனியிலும் சிறிது இருந்தால் யாரும் குறைசொல்லப் போவதில்லை. முழங்கால் படுமிடத்தில் கல் பதித்திருந்தால் ஸஜ்தாவில் அந்தப் பெண்ணுக்கே வேதனை. தோளில் பதித்திருந்தால் வரிசையில் பக்கத்தில் நிற்பவளைக் குத்தும். நின்று பார்க்கும் கண்ணாடி ஒன்றையே வைத்துக்கொண்டு உடை தேர்ந்தெடுப்பதால் வரும் தொல்லை இது. ஆகவே வாங்குமுன் ஒருமுறை கையை உயர்த்தி, குனிந்து, உட்கார்ந்து, எழுந்து பார்க்கட்டும். அதற்கு உடைமாற்றும் இடம் கடையில் விசாலமாக இருக்கவேண்டும். நம் கடைகள் பலவற்றில் அது துணிமூட்டைகளுக்கு நடுவே ஒரு திரைதான்! அதைச் சரிசெய்வதற்குப் பெரிய முதல் தேவையில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரிக்குத் தெரியாமல் அபாயா வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்து ஆச்சரியப்படுத்த எண்ணாதீர்கள். அல் பகரா அத்தியாயத்தின் 187-ஆவது வசனம், நோன்பு இரவுகளின் சட்டத்தைச் சொல்லும் இடத்திலேதான், மனைவியரை உங்களுக்கு ஆடையென்றும் உங்களை அவர்களுக்கு ஆடையென்றும் உவமித்துக் கூறுகிறது. ஆடை என்பது உடம்பின் அளவு அறிந்து, உடம்போடு இசைந்து கிடப்பது. அவளுக்கு எது புழுக்கம், எது இலேசு என்று கேட்காமல் விலையை மட்டும் பார்த்து எடுத்து வருகின்ற கணவன் அந்த உவமைக்குப் பொருந்துவானா? அழைத்துச் செல்லுங்கள், அவளே தேர்ந்தெடுக்கட்டும், நீங்கள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.

சகோதரர்களே! இதுவரை துணியைப் பற்றிப் பேசினோம். இனித்தான் மனத்தைப் பற்றிய பேச்சு.

ரமலானில் நம் பெண்கள் கூடும் சபைகள் பல. பள்ளிவாசலில் தராவீஹ், வீடுகளில் குர்ஆன் ஓதும் மஜ்லிஸ், உறவினர் வீட்டு நோன்பு திறப்பு, சங்கங்கள் நடத்தும் இஃப்தார், இப்போது ஓட்டல்களிலும் விருந்து வைக்கிறார்கள். இந்தக் கூட்டங்களில் சென்ற வாரம் உடுத்தியதை இந்த வாரமும் உடுத்தி வந்தால் அதைக் கவனித்துப் பேசும் வழக்கம் ஒன்று நம்மிடையே நுழைந்திருக்கிறது. யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஒரு பார்வை போதும். ஊரார் கண்ணில் படவேண்டும், பேசப்படவேண்டும் என்பதற்காக உடுத்தும் உடையைப் பற்றி, அப்படி உடுத்தியவருக்கு மறுமையில் இழிவின் ஆடை அணிவிக்கப்படும் என்ற எச்சரிக்கை அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் வந்திருக்கிறது. அழகுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு விலையில் இல்லை. ஐம்பது வெள்ளி அபாயாவையும் காட்டுவதற்காக உடுத்தலாம். ஐந்நூறு வெள்ளி அபாயாவையும் ஒருவர் பணிவாக உடுத்தலாம். ஆனால் முப்பது இரவுக்கு ஏழெட்டு அபாயா என்று கணக்குப் போடுகிறவர் பணிவாக உடுத்துவதற்காகத்தான் போடுகிறார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இந்தப் பார்வைக்கு அஞ்சியே சில பெண்கள் பள்ளிவாசலுக்கு வருவதில்லை. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். கணவருக்கு வருமானம் குறைந்துபோன பெண், கைம்பெண், புதிதாக இஸ்லாத்தில் இணைந்த சகோதரி, ஊரிலிருந்து புதிதாக வந்த மருமகள், இவர்களிடம் "தராவீஹுக்கு ஏன் வரவில்லை?" என்று கேட்டால் உடம்பு சரியில்லை என்பார்கள், பிள்ளை தூங்கவில்லை என்பார்கள். உடுத்திக்கொண்டு வர நல்லதாக ஒன்று இல்லை என்று எந்தப் பெண் வாய்திறந்து சொல்வாள்? பெண்களுக்கு வீட்டில் தொழுவதே சிறப்பு என்ற ஹதீதை இவ்விடத்தில் எடுத்துவைக்க வேண்டாம். அவள் அந்தச் சிறப்பை நாடி வீட்டில் இருந்தால் அது வேறு. துணி இல்லாத வெட்கத்தால் இருந்தால், அவளை வீட்டில் இருத்தியது நம்முடைய கண்கள். அல்லாஹ்வின் அடியார்களான பெண்களை அல்லாஹ்வின் பள்ளிகளுக்கு வராமல் தடுக்காதீர்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஆண்களுக்குக் கட்டளையிட்டார்கள். வாசலில் நின்று கைநீட்டித் தடுப்பது மட்டுமா தடுப்பது?

நாயகம் அவர்களுடைய காலத்தில் இந்தக் கேள்வி எழுந்ததா? எழுந்தது. அன்ஸாரிப் பெண்மணியான உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்: இரு பெருநாட்களிலும் பெண்களை வெளியே அழைத்துவரும்படி கட்டளை வந்தது. கன்னிப் பெண்களையும், தொழுகை இல்லாத நாட்களில் இருக்கும் பெண்களையும்கூட. அவர்கள் தொழுமிடத்திலிருந்து சற்று ஒதுங்கி நின்று, நன்மையான அந்தக் கூட்டத்திலும் முஸ்லிம்களின் துஆவிலும் பங்குகொள்ளவேண்டும். அப்போது ஒரு பெண், எங்களில் ஒருத்திக்குப் போர்த்திக்கொள்ள ஜில்பாப் இல்லையென்றால் என்ன செய்வது என்று கேட்டார். நாயகம் அவர்கள் கொடுத்த பதில், அவளுடைய சகோதரி தன் ஜில்பாபிலிருந்து அவளுக்கு உடுத்தட்டும் என்பது. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது.

இந்தப் பதிலை மெதுவாக எண்ணிப்பாருங்கள். துணி இல்லாவிட்டால் அவள் வரவேண்டாம், அவளுக்கு மன்னிப்பு உண்டு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. துணி இல்லாமலேயே வரட்டும் என்றும் சொல்லவில்லை. மறைப்பும் விடக்கூடாது, கூட்டமும் தவறக்கூடாது. இரண்டுக்கும் நடுவே உள்ள குறையை அடுத்தவள் நிரப்பவேண்டும். சகோதரி என்ற சொல்லையே அங்கே ஆண்டிருக்கிறார்கள். தர்மம் செய்பவள் என்று ஆளவில்லை. இதற்கு விளக்கம் எழுதிய ஆலிம்கள் இரண்டு பொருள் கூறுகிறார்கள்: தன்னிடம் மிகுதியாக உள்ள ஒன்றை இரவல் கொடுப்பது, அல்லது மிகுதி இல்லாவிட்டால் ஒரே போர்வைக்குள் இருவரும் சேர்ந்து வருவது. ஒரே போர்வைக்குள் இருவர்! மதீனாவின் பெண்கள் விடியற்காலைத் தொழுகைக்குக் கம்பளிப் போர்வைகளைச் சுற்றிக்கொண்டு வந்து, இருட்டு விலகுமுன் யாரென்று தெரியாமல் திரும்பிச் செல்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வந்தவள் யார், உடுத்தியது என்ன என்று பார்க்க அங்கே வெளிச்சமும் இல்லை, நேரமும் இல்லை.

சரி, இனி கல்லாப்பெட்டிப் பக்கம் வருவோம்.

சந்தையில் குவித்துவைத்த தானியத்துக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டு, நம்மை ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்றார்கள். அந்த வியாபாரி பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். குறையை அடியில் வைத்தார், அவ்வளவுதான். அபாயா வியாபாரத்தில் அடியில் இருப்பது எது? இழை எது என்பது. எந்த ஊரில் தைத்தது என்பது. கழுத்துப் பட்டியில் துபாய் என்று எழுதிவிட்டால் வேறு எங்கோ தைத்த துணி துபாய்ச் சரக்காகிவிடாது. பாலியஸ்டரைப் பட்டு என்றும், கலப்பை முழுப் பருத்தி என்றும் சொல்லக்கூடாது. ஒரு நூலை உருவித் தீயில் காட்டினால் பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும். இது வாங்குபவளுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். தெரிந்தவர் தெரியாதவரிடம் விற்கும்போதுதான் அமானிதம் என்ற சொல்லுக்கே வேலை வருகிறது. நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. மலேசியாவில் 2011-ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டப்படி பண்டத்தைப் பற்றிப் பொய் விவரம் தருவது குற்றம். ஆனால் அதிகாரி வந்து பார்க்கும் நாள் எப்போதோ ஒருநாள்.

"அல்லாஹ்மேல் ஆணை, கொள்முதல் விலைக்கே தருகிறேன்" என்று நோன்பு வாயோடு சொல்லும் வழக்கமும் உண்டு. பொய்ச் சத்தியம் சரக்கை விற்றுத் தரும், பரக்கத்தைத் துடைத்துவிடும் என்பது ஹதீது. உண்மைக்கே ஆனாலும் வியாபாரத்தில் சத்தியத்தை இழுப்பது நல்லதன்று.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரத்தில் பட்டுத்துணி வியாபாரம் செய்தவர்கள். ஹிஜ்ரி 150-இல், கி.பி. 767-இல், மறைந்த அந்தப் பேரிமாமைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் இரண்டு நிகழ்ச்சிகளை எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு பெண் தன் பட்டுத்துணியை அவர்களிடம் விற்க வந்து நூறு கேட்டாள். இதன் மதிப்பு இன்னும் அதிகம் என்றார்கள் இமாம். அவள் நூறு நூறாக ஏற்றி நானூறு வரை வந்தாள். அப்போதும் அதிகம் என்றார்கள். என்னைக் கேலி செய்கிறீர்களா என்றாள். மதிப்புப் போட ஒருவரை அழைத்து வரச் செய்து, ஐந்நூறு கொடுத்து வாங்கினார்கள். மற்றொன்று: அவர்களுடைய பங்காளியான ஹஃப்ஸ் என்பவர் குறையுள்ள ஒரு துணியைக் குறையைச் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அந்த விற்பனைப் பணம் முழுவதையும் இமாம் தர்மம் செய்துவிட்டார்கள். விலை தெரியாத பெண்ணிடம் விலையைச் சொல்லிக் கொடுத்த ஜவுளிக்காரர் அவர். அந்த இமாமின் மத்ஹபைப் பின்பற்றும் வீடுகள் நம்மிடம் எத்தனையோ உண்டு. அந்தக் கடையைப் பின்பற்றும் கடைகளை எண்ணிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

நம் கடையில் நிற்கும் பெண் சிப்பந்திகளை மறந்துவிடக்கூடாது. ரமலானின் கடைசிப் பத்தில் இரவு நெடுநேரம் வரை கடை திறந்திருக்கிறது. ஊரார் வீட்டுப் பெண்கள் தராவீஹுக்கு உடுத்திச் செல்ல அபாயா எடுத்துக் கொடுக்கும் அந்தப் பெண்ணுக்குத் தராவீஹ் இல்லை. பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு நின்றபடியே நோன்பு திறக்கிறாள். அரைமணி நேரம் கடையை அடைத்தால் முதலாளி ஏழையாகிவிடமாட்டார். முறைவைத்து அவர்களைப் பள்ளிக்கு அனுப்பிவைக்கலாம். பெருநாள் உடை ஒன்றும் சம்பளத்துக்குப் புறம்பாகக் கொடுக்கலாம்.

இந்த ஆண்டு நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு ஜவுளிக் கடைக்காரரும் ரமலான் சரக்கு வந்து இறங்கியதும், விற்பனை தொடங்குமுன், சில அபாயாக்களை எடுத்துத் தனியே வைக்கவேண்டும். விற்று மீந்ததையல்ல; சாயம் போனதையும் பொத்தான் உதிர்ந்ததையும் அல்ல. நமக்கே ஒருவர் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்னும்படியான மட்டமான பொருளைத் தேடிப்பிடித்துச் செலவிடவேண்டாம் என்று அல் பகராவின் 267-ஆவது வசனம் தடுத்திருக்கிறது. பெரிய அளவு, சிறிய அளவு, நடு அளவு என்று கலந்து, உள்துணியோடும் முக்காட்டோடும் இருக்கட்டும். இதை ஸக்காத்துக் கணக்கில் சேர்க்க நினைப்பவர், சரக்காகவே கொடுக்கலாமா, மதிப்பைப் பணமாகத்தான் கொடுக்கவேண்டுமா என்பதில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு இருப்பதால், தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். ஸதகாவாகக் கொடுப்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

கொடுக்கும் விதத்தில் கவனம் வேண்டும். மேடைபோட்டு, பெயர் கூப்பிட்டு, படம் எடுத்துக் கொடுத்தால், உடை இல்லாத வெட்கத்தை மறைக்கப் போய் ஏழ்மையின் வெட்கத்தைத் திறந்துவிட்டவர்களாவோம். பள்ளிவாசல்களில் பெண்கள் பகுதியில் தெலெகோங் தொங்கவிட்டிருப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். வந்தவர் எடுத்து உடுத்தித் தொழுதுவிட்டு மாட்டிச் செல்கிறார், யாரும் யாரையும் கேட்பதில்லை. அதே கம்பியில் இந்த அபாயாக்களையும் தொங்கவிடலாம். வீட்டுப் பெண்களும் ஒருமுறை இருமுறை உடுத்திய நல்ல அபாயாக்களைத் துவைத்துத் தேய்த்துக் கொண்டுவந்து சேர்க்கட்டும். பொறுப்பை வயது முதிர்ந்த, வாய் அடக்கமுள்ள இரண்டு பெண்மணிகளிடம் ஒப்படையுங்கள். தேவைப்படுகிறவள் வீட்டுக்கே எடுத்துச் சென்று, இஃப்தாருக்கும் பெருநாள் தொழுகைக்கும் உடுத்திக்கொள்ளட்டும். எழுதிவைக்கப் புத்தகம் வேண்டாம். திரும்பக் கொண்டுவந்தாளா என்று எவரும் அவளிடம் கேட்கவும் வேண்டாம்.

வஸ்ஸலாம்.